பள்ளிக்கூடத்தைக் கட்டுவது நகராட்சியா, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டா? கலிபோர்னியாத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோர் பேச்சு எங்கே தொடங்கினாலும் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும். "எங்க பக்கம் நானூறு வீடு வருது, பள்ளி எங்கே?" என்பார் ஒருவர். "எங்க பள்ளியை மூடப் போறாங்களாம்" என்பார் அடுத்தவர். இங்கே சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் பல வருடங்களாக இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, கூட்டங்களுக்குப் போய், சட்டங்களைப் படித்து, தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை எல்லோரும் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா என்ன? நம்ம ஊர் மாவட்டம் மாதிரியா?

இல்லை. ஆட்சியர் இருக்கும் மாவட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் சென்னை மாநகராட்சியே பள்ளிகள் நடத்துகிறது. கிராமத்துக்குப் போனால் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று பலகையிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த நாம் இங்கேயும் மேயர்தான் பள்ளிக்குப் பொறுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

கலிபோர்னியாவில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரு தனி அரசு. பள்ளி மாவட்டம் என்றே இங்கே எழுதுகிறேன். மாநிலத்தில் இப்படி 900க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு உண்டு, பெரும்பாலும் 5 பேர். அதற்குச் சொந்த நிலம் உண்டு, சொந்த வரவுசெலவு உண்டு, மக்கள் ஒப்புதலோடு கடன் வாங்கும் அதிகாரமும் உண்டு. நகரசபை இந்தக் குழுவுக்கு உத்தரவு போட முடியாது, குழுவும் நகரசபைக்கு உத்தரவு போட முடியாது. கீழே வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான்.

நாங்க இருக்கிறது சான் ஹோசே. பையன் போறது கூபர்டினோ டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல். எப்படி?

நகர எல்லையும் பள்ளி மாவட்ட எல்லையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணங்களுக்காகப் போடப்பட்ட கோடுகள். கூபர்டினோ யூனியன் பள்ளி மாவட்டம் கூபர்டினோவோடு சான் ஹோசே, சன்னிவேல், சாரடோகா, சான்டா கிளாரா, லாஸ் ஆல்டோஸ் ஆகிய ஊர்களின் சில பகுதிகளையும் சேர்த்துக்கொள்கிறது. அது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்குப் பையன் ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் மாவட்டத்துக்குப் போவான். அந்த மாவட்டத்துக்கும் ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஃப்ரீமான்ட் நகரத்துப் பிள்ளைகளுக்கு இருப்பது ஃப்ரீமான்ட் யூனிஃபைட் என்ற பள்ளி மாவட்டம், அது வேறு. பெயரை நம்பி வீடு பார்க்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். முகவரியை மாவட்டத்தின் தளத்தில் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கட்டடத் திட்டமிடலுக்கும் இது முக்கியம். சான் ஹோசே நகர எல்லைக்குள் பத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நகராட்சி ஒரு பெரிய குடியிருப்புத் திட்டம் போட்டால், எந்த வீடு எந்த மாவட்டத்தில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

புது அப்பார்ட்மென்ட்டுக்கு சிட்டி பர்மிட் கொடுக்கும்போது பள்ளியில இடம் இருக்கான்னு பாக்க மாட்டாங்களா?

பார்ப்பார்கள். ஆனால் இடமில்லை என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வருகிறது. எனக்கும் முதலில் வந்தது.

1980களின் கடைசியில், 90களின் தொடக்கத்தில் வந்த சில நீதிமன்றத் தீர்ப்புகள், பள்ளியில் இடமில்லை என்று சொல்லிக் குடியிருப்புத் திட்டத்தை நிறுத்த நகரங்களுக்கு வழி கொடுத்தன. வீடு கட்டுபவர்கள் எதிர்த்தார்கள். பள்ளி மாவட்டங்களுக்கோ கட்டடத்துக்குப் பணம் தேவைப்பட்டது. 1998இல் ஒரு சமரசம் வந்தது. அதுதான் எஸ்.பி.50 என்ற சட்டம். மாநிலம் 920 கோடி டாலர் கடன்பத்திரத்தை மக்கள் முன் வைத்தது, மக்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஈடாக, கட்டுபவர் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டால், பள்ளிகள் மீதான பாதிப்புக்கு அது "முழுமையான" ஈடு என்று சட்டமே சொல்லிவிட்டது. அதற்கு மேல் நகரம் அந்தக் காரணத்துக்காக எதுவும் கேட்கக் கூடாது.

ஆகவே நகரசபைக் கூட்டத்தில் "எங்க பள்ளி நிரம்பி வழியுது, இந்த அப்பார்ட்மென்ட் வேண்டாம்" என்று பேசினால், உறுப்பினர்கள் தலையாட்டிக் கேட்பார்கள், அப்புறம் ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள். அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை. சட்டம் அவர்கள் கையைக் கட்டியிருக்கிறது.

சிட்டியும் டிஸ்ட்ரிக்ட்டும் பேசிக்கணும்னு சட்டமே இல்லையா?

இருக்கிறது. நகரத்தின் ஜெனரல் பிளான், அதாவது அடுத்த இருபது வருடம் எங்கே வீடு, எங்கே கடை, எங்கே பூங்கா என்று தீர்மானிக்கும் பொதுத் திட்டத்தை மாற்றும்போது, அந்தப் பகுதியின் பள்ளி மாவட்டத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். மறுபக்கம், பள்ளி மாவட்டம் ஒரு நிலம் வாங்குவதற்கு முன் நகரத்தின் திட்டக் குழுவுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். குழு விசாரித்து 30 நாளுக்குள் அறிக்கை கொடுக்கும். அறிக்கை பாதகமாக இருந்தாலும் மாவட்டம் வாங்கலாம், ஆனால் அறிக்கை வந்த பின் இன்னும் 30 நாள் பொறுக்க வேண்டும்.

இரண்டுமே "கேள், சொல், காத்திரு" என்ற அளவில் நிற்கிறவை. ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் சில ஊர்களில் தாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். நகரசபையிலிருந்து இரண்டு பேர், பள்ளிக் குழுவிலிருந்து இரண்டு பேர் ஒரே மேஜையில் உட்காரும் கூட்டம், டூ-பை-டூ என்று பெயர். பெர்க்லியில் இது இருக்கிறது. உங்கள் ஊரில் இருந்தால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறையாவது போங்கள். கூட்டம் சிறியதாக இருக்கும், அதிலேயே உங்கள் பகுதியின் வருங்காலப் பள்ளி பற்றிய பேச்சு காதில் விழும்.

வீட்டுல ரெண்டு ரூம் சேர்த்துக் கட்ட பர்மிட் கேட்டேன். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல போய்ப் பணம் கட்டி ரசீது வாங்கிட்டு வான்னு சொல்றாங்க. நான் ஏன் கட்டணும்?

நீங்களும் சட்டத்தின் கண்ணில் ஒரு "டெவலப்பர்" என்பதால். பள்ளிக் கட்டணம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இல்லை. குடியிருப்புப் பரப்பு 500 சதுர அடிக்கு மேல் கூடினால் கட்ட வேண்டும். 500க்குள் இருந்தால் வேண்டாம். பணம் கட்டிய சான்று வராமல் நகராட்சி கட்டட அனுமதி தரக் கூடாது. இரண்டு அரசுகளும் உண்மையிலேயே கைகோக்கும் இடம் இதுதான்.

அடிப்படை விகிதத்தை மாநில வாரியம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உயர்த்தும். 2024 ஜனவரியில் வீடுகளுக்குச் சதுர அடிக்கு 5.17 டாலர், வணிகக் கட்டடங்களுக்கு 84 சென்ட் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 800 சதுர அடி கூட்டினால் 4,136 டாலர். எட்டாம் வகுப்பு வரை ஒரு மாவட்டம், அதற்கு மேல் இன்னொன்று என்று இருக்கும் இடங்களில் இந்தத் தொகையை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். கட்டுவதற்கு முன் இரண்டு அலுவலகத்துக்கும் போக வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

பில்டர் அவ்வளவு பணம் கட்டுறாரே, அதுலயே பள்ளி கட்ட முடியாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 விகிதத்தில் 2,000 சதுர அடி வீடு ஒன்றுக்கு 10,340 டாலர். நூறு வீட்டுக்கு 10 லட்சத்துச் சொச்சம். ஒரு தொடக்கப் பள்ளி கட்ட, நிலத்தை விட்டுவிட்டாலும், கோடிக்கணக்கான டாலர் ஆகிறது. நூறு வீட்டுப் பணத்தில் சில வகுப்பறைகள் வரும், அவ்வளவுதான். தேவையைக் கணக்கோடு நிரூபிக்கும் மாவட்டங்கள் அடிப்படை விகிதத்துக்கு மேல் இரண்டாம் நிலைக் கட்டணம் வாங்கலாம். அதுவும் ஏறத்தாழப் பாதிச் செலவைத்தான் குறிவைக்கிறது.

மீதி எங்கிருந்து வரும்? உள்ளூர்க் கடன்பத்திரமும் மாநிலத்தின் பங்கும்தான். 2000ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய முன்மொழிவு 39, பள்ளிக் கட்டடக் கடனுக்கு வேண்டிய ஒப்புதலை மூன்றில் இரண்டு பங்கிலிருந்து 55 சதவீதமாகக் குறைத்தது. மாநிலம் புதுக் கட்டடச் செலவில் பாதியும் பழுதுபார்ப்பில் 60 சதவீதமும் கொடுப்பது வழக்கம். 2024 நவம்பரில் நிறைவேறிய முன்மொழிவு 2 பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் சேர்த்து 1,000 கோடி டாலர் ஒதுக்கி, வசதி குறைந்த மாவட்டங்களுக்குப் பங்கைக் கொஞ்சம் கூட்டியது. நடுவில், 2020 மார்ச்சில், 1,500 கோடிக்கான முன்மொழிவு தோற்றுப்போனது. மாநிலப் பணம் எப்போதும் இருக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது என்பதற்கு அந்தத் தோல்வியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ப்ராப்பர்டி டாக்ஸ் பில்லுல பள்ளி பேர்ல மூணு நாலு வரி இருக்கு. எல்லாம் ஒண்ணா?

இல்லை. முதலாவது கடன்பத்திர வரி. வீட்டின் மதிப்பீட்டைப் பொறுத்துக் கூடும் குறையும். முன்மொழிவு 39 வழியாக வந்த ஒவ்வொரு கடனுக்கும், எல்லா வகுப்பும் நடத்தும் மாவட்டங்களில் மதிப்பீட்டின் ஒரு லட்சம் டாலருக்கு வருடம் 60 டாலருக்கு மேல் வராது என்று மதிப்பிட்ட பிறகே தேர்தலுக்குக் கொண்டுபோக முடியும். இந்தப் பணம் கட்டடத்துக்கு மட்டும். ஆசிரியர் சம்பளத்துக்குத் தொடக் கூடாது. அதைக் கவனிக்கக் குடிமக்கள் கண்காணிப்புக் குழு கட்டாயம், குறைந்தது 7 பேர், அதில் அந்த மாவட்டத்தில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒருவருக்கு இடம் உண்டு. இந்த இடத்துக்கு ஆள் கிடைக்காமல் மாவட்டங்கள் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பார்க்கத் தெரிந்த நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

இரண்டாவது பார்சல் டாக்ஸ். மனை ஒன்றுக்கு இவ்வளவு என்று பெரும்பாலும் ஒரே தொகை. ஆசிரியர், நூலகம், இசை வகுப்பு போன்றவற்றுக்குப் போகும். மாவட்டம் கொண்டுவரும் பார்சல் டாக்ஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மூன்றாவது மெலோ-ரூஸ், 1982ஆம் வருடச் சட்டம். புதுக் குடியிருப்பின் சாலை, பூங்கா, பள்ளிக்கு ஆன கடனை அந்தக் குடியிருப்பு வீடுகள் மட்டும் அடைக்கும். புது வீடு வாங்கும்போது "வரி எவ்வளவு?" என்று கேட்டால் போதாது, மெலோ-ரூஸ் எவ்வளவு, எந்த வருடம் முடிகிறது என்று தனியாகக் கேளுங்கள்.

பணம் வந்தாச்சு, நிலமும் இருக்கு. அப்புறமும் ஏன் பள்ளி திறக்க அஞ்சாறு வருஷம் ஆகுது?

ஒரு பகுதி நிலத்தால். மாநிலக் கல்வித் துறை இடத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். உயர் அழுத்த மின்கம்பி எவ்வளவு தூரம், ரயில் பாதை 1,500 அடிக்குள் வருகிறதா, விமான ஓடுபாதை பக்கத்திலா, மண்ணில் பழைய நச்சு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பே ஏரியாவில் மிச்சமிருக்கும் காலி நிலம் பெரும்பாலும் பழைய தொழிற்சாலை நிலம், அல்லது நெடுஞ்சாலை ஓரம். இந்தச் சல்லடையில் நிறைய கீழே விழுந்துவிடும். இதோடு சுற்றுச்சூழல் ஆய்வு தனி.

இன்னொரு பகுதி கட்டடத்தால். அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1933 மார்ச் 10, மாலை ஆறு மணியை நெருங்கும் நேரம், லாங் பீச்சில் நிலநடுக்கம். 70 பள்ளிகள் இடிந்துபோயின, இன்னும் 120 பள்ளிகளுக்குப் பெரும் சேதம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாநிலமே நடுங்கியது. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10ஆம் தேதி, ஃபீல்ட் சட்டம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அரசுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை நகராட்சி பார்ப்பதில்லை, மாநிலக் கட்டடக்கலை அலுவலகம் பார்க்கிறது. கட்டும்போதும் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் இருந்து கண்காணிப்பார். நேரம் ஆகிறது, செலவும் ஆகிறது. ஆனால் வீட்டைவிடப் பலமான கூரைக்குக் கீழே என் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பில் அந்தத் தாமதத்தை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

எங்க வேலிக்குப் பின்னாடி பள்ளியில ரெண்டு மாடி கட்டுறாங்க. சிட்டியில கேட்டா எங்களுக்கு அதிகாரம் இல்லைங்கிறாங்க. தட்டிக் கழிக்கிறாங்களா?

பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வரைபடம் ஏன் நகராட்சியிடம் போவதில்லை என்று போன பதிலில் சொன்னேன். அது தவிர, பள்ளிக் குழு மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு தீர்மானம் போட்டால், வகுப்பறைக் கட்டடத்துக்கு நகரத்தின் மனைப் பயன்பாட்டு விதிகள் பொருந்தாது என்று அறிவிக்கலாம். உயரம், வேலியிலிருந்து விட வேண்டிய தூரம் எல்லாம் இதில் அடக்கம்.

ஆனால் இந்தச் சலுகை வகுப்பறைக்கு மட்டும். நிர்வாக அலுவலகம், கிடங்கு, பேருந்து நிறுத்துமிடம் போன்றவற்றுக்குக் கிடையாது. மழைநீர் வடிகால், சாலை, மண் சமன்படுத்துதல் ஆகியவற்றில் நகர விதிகளுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். தீயணைப்பு வண்டி உள்ளே வரும் வழியை உள்ளூர்த் தீயணைப்புத் துறை பார்க்கும். உங்கள் குறை கொல்லையில் தண்ணீர் வந்து நிற்பது என்றால் நகராட்சிக்குப் போங்கள். ஜன்னல் உங்கள் வீட்டைப் பார்த்து இருக்கிறது என்றால் பள்ளிக் குழுவிடம்தான் பேச வேண்டும், அதுவும் வரைபடம் மாநிலத்துக்குப் போவதற்கு முன்.

காலையில ஸ்கூல் வாசல்ல ஒரே டிராஃபிக். யார்கிட்ட சொல்றது?

வேலிக்கு உள்ளே நடப்பது பள்ளி மாவட்டம், வேலிக்கு வெளியே நகராட்சி. இறக்கிவிடும் பாதை உள்ளே இருந்தால் தலைமை ஆசிரியர். நடைபாதை, சிக்னல், வேகத் தடை எல்லாம் நகரத்தின் போக்குவரத்துப் பொறியாளர். எதிரொளிச் சட்டை போட்டுக் கையில் பலகையோடு பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் பெரியவர்களுக்குச் சம்பளம் பல ஊர்களில் நகராட்சியோ காவல் துறையோ கொடுப்பது.

நம்ம தமிழ்ப் பள்ளிக்கு ஏன் வாடகை கேக்குறாங்க? சனிக்கிழமை சும்மாதானே கிடக்கு?

மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியும் ஊர் மக்கள் கூடும் இடமும்கூட. சிவிக் சென்டர் சட்டம் என்று பெயர். லாப நோக்கமில்லாத குழுக்கள் வகுப்பு இல்லாத நேரத்தில் இடம் கேட்கலாம். மாவட்டம் அதற்கு ஆகும் நேரடிச் செலவை வாங்கிக்கொள்ளலாம், அதாவது காவலாளி, துப்புரவு, மின்சாரம், தேய்மானத்தில் ஒரு பங்கு. நாம் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். எந்தக் கணக்கில் வாங்குகிறீர்கள் என்று கட்டண அட்டவணையைக் கேட்பது நம் உரிமை. கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

இதே நிலத்தில் நகராட்சிக்கும் பங்கு இருக்கலாம். பல ஊர்களில் பள்ளி மைதானமும் நகரப் பூங்காவும் ஒட்டி இருக்கும். பள்ளி நேரத்தில் பிள்ளைகள், மாலையில் ஊர் மக்கள் என்று இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டிருக்கும். புல் வெட்டுவது ஒருவர், விளக்குப் போடுவது ஒருவர். விளையாட்டு விழாவுக்கு மைதானம் கேட்கப் போனால் பள்ளி அலுவலகம் நகராட்சியின் பூங்காத் துறைக்கு அனுப்புவது இதனால்தான்.

ஒரு பக்கம் இடம் பத்தலைங்கிறாங்க, இன்னொரு பக்கம் பள்ளியை மூடுறாங்க. கணக்குத் தெரியாதா இவங்களுக்கு?

கணக்குத் தெரியும். கணக்குதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. பே ஏரியாவின் டப்ளின் நகரத்தில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 30,000 பேர், 2020இல் 72,000க்கு மேல். ஒரே ஹைஸ்கூல் தாங்கவில்லை, எமரால்ட் என்று இரண்டாவதைக் கட்டினார்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கூபர்டினோ யூனியன் பள்ளி மாவட்டத்திலோ 2022இல் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் என்ற இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடினார்கள். அங்கே வீட்டு விலை சிறு பிள்ளைகள் இருக்கும் இளம் குடும்பங்களை உள்ளே விடவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பெற்றோர் வீட்டை விற்கவில்லை. மாநிலம் முழுக்கவே பிறப்பு குறைந்து, 2000களின் நடுவில் 63 லட்சமாக இருந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை 2024-25இல் சுமார் 58 லட்சமாகிவிட்டது.

மாவட்டங்கள் பிள்ளைகளை எண்ணும் முறை எளிது. இந்த வருட ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் அடுத்த வருடம் இரண்டாம் வகுப்புக்கு வருகிறார்கள் என்று பல வருட விகிதம் பார்ப்பார்கள். அதோடு நகராட்சி தரும் புது வீட்டுப் பட்டியலை எடுத்து, ஒரு வீட்டுக்கு எத்தனை பிள்ளை என்று பெருக்குவார்கள். தனி வீடு, வரிசை வீடு, அப்பார்ட்மென்ட் மூன்றுக்கும் எண் வேறு. தவறு நடப்பது இந்த எண்ணில்தான். ஒரு படுக்கையறை ஃப்ளாட்டில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள் என்று பழைய கணக்கு சொல்லும். நல்ல பள்ளிக்காக நாம் ஒரு அறையில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு இருப்போம் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. உங்கள் வளாகத்தில் உண்மை வேறாக இருந்தால், எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி மாவட்டத்துக்கு எழுதுங்கள். அதற்கு மதிப்பு உண்டு.

மூடின பள்ளி நிலத்தை பில்டருக்கு வித்துடுவாங்களா?

உடனே விற்க முடியாது. உபரி நிலம் என்று முடிவு செய்வதற்கு முன் 7 முதல் 11 பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். செவன்-இலெவன் கமிட்டி என்றே சொல்வார்கள். அதில் பெற்றோர், ஆசிரியர், வணிகர், அக்கம்பக்கத்தார் இருப்பார்கள். அப்புறமும் பொது அமைப்புகளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். பள்ளி மைதானமாக இருந்த நிலத்தின் ஒரு பகுதியைச் சந்தை விலையைவிடக் குறைத்து நகராட்சி வாங்க நெய்லர் சட்டம் வழி செய்கிறது. நகராட்சி அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு வழி பெருகி வருகிறது, ஆசிரியர் குடியிருப்பு. டேலி சிட்டியில் ஜெஃபர்சன் யூனியன் ஹைஸ்கூல் மாவட்டம் தன் நிலத்தில் 122 வீடுகள் கட்டி 2022இல் ஊழியர்களைக் குடியேற்றியது. 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், பள்ளி நிலத்தில் ஊழியர் வீடு கட்டுவதற்கு நகர மனை விதிகள் குறுக்கே நிற்காதபடி செய்திருக்கிறது. சொந்தமாக ஒரு நிலம் இருக்கும்வரை வருங்காலத்தில் பள்ளி திரும்ப வரலாம், விற்றால் இந்த ஊரில் அப்படி ஒரு நிலம் மறுபடி கிடைக்காது. ஆகவே விற்பனையைவிட நீண்ட காலக் குத்தகையை நான் ஆதரிக்கிறேன்.

ரெண்டு பேரும் சேர்ந்து ஒழுங்கா திட்டம் போட்ட இடம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. சான் ரமோன் பக்கம் டோர்ட்டி வேலி. 11,000 வீடுகள் வரை கட்டலாம் என்று கவுன்டி, நகரங்கள், கட்டுபவர்கள் எல்லோரும் வழக்குக்குப் பின் 1994இல் ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். வீடுகள் வருவதற்கு முன்பே பள்ளி, பூங்கா, சாலை எங்கே என்பது பேசப்பட்டது. டோர்ட்டி வேலி ஹைஸ்கூல் 2007இல் திறந்தது. ஃப்ரீமான்ட்டில் வார்ம் ஸ்பிரிங்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டி எழுந்த குடியிருப்பும் அப்படித்தான். பகுதித் திட்டத்திலேயே பள்ளிக்கு இடம் குறிக்கப்பட்டு, லைலா பிரிங்ஹர்ஸ்ட் தொடக்கப் பள்ளி 2019இல் திறந்தது. தொடக்கப் பள்ளிக்கு 10 ஏக்கர் என்ற பழைய வழக்கத்துக்குக் காத்திருந்தால் ரயில் நிலையத்துப் பக்கத்தில் பள்ளியே வந்திருக்காது.

எஸ்.பி.50 தடுப்பது நகரம் கட்டாயப்படுத்துவதை. கட்டுபவரும் மாவட்டமும் மனம் ஒத்து ஒப்பந்தம் போடுவதை அது தடுக்கவில்லை. பள்ளி பக்கத்தில் இருந்தால் வீடு நல்ல விலைக்குப் போகும் என்று கட்டுபவருக்கும் தெரியும்.

நாங்க எச்1பி-ல இருக்கோம், ஓட்டு இல்லை. நாங்க சொன்னா யார் கேப்பாங்க?

பேசுவதற்கு ஓட்டு வேண்டாம், குடியுரிமையும் வேண்டாம். 1953ஆம் வருட பிரவுன் சட்டப்படி நகரசபை, பள்ளிக் குழு போன்றவை தங்கள் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். பெயர், முகவரி சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில், 2016இல் மக்கள் ஒப்புக்கொண்ட விதியின்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளிக் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால் விசாவில் இருப்பவர்கள் அதற்குப் பதிவு செய்வதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது நல்லது.

சரி அக்கா, எந்தக் கூட்டத்துக்குப் போகணும்? எப்போ?

என் தவறைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளி என்ற கோட்டை மாற்றியபோது, நாற்பது பேர் கையில் அட்டையோடு போனோம். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம், பாதிப் பேச்சில் மணி அடித்துவிட்டது. வெளியே வந்தபோது ஒரு வயதான அமெரிக்கப் பெண்மணி சொன்னார், "இது முடிவானது ஏழு வருடம் முன்னால், நகரத் திட்டக் குழுக் கூட்டத்தில். அன்றைக்கு அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்."

அதன் பிறகு நான் பார்ப்பது நான்கு விஷயம். நகரத்தின் பொதுத் திட்டமோ ஒரு பகுதித் திட்டமோ மாறுகிறதா என்று பார்க்கிறேன். பள்ளிக்கு நிலம் குறிக்க வேண்டிய நேரம் அதுதான். பள்ளி மாவட்டத்தின் கட்டடப் பெருந்திட்டம் வரைவாக வரும்போது என் பள்ளியின் பக்கத்தைப் படிக்கிறேன். வருடாவருடம் வரும் மாணவர் எண்ணிக்கை அறிக்கையில் எங்கள் வளாகத்தின் எண்ணைச் சரிபார்க்கிறேன். நான்காவது டூ-பை-டூ கூட்டம். வருடத்துக்கு ஆறேழு மாலைப் பொழுதுகள் ஆகும்.

போன மாதம் திட்டக் குழுக் கூட்டத்துக்கு எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஐந்து பேர் போனோம். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பழைய கடை வளாகத்தில் 600 வீடுகள் வரலாம் என்ற வரைவு. பள்ளி மாவட்டத்துக்கு இது போயிற்றா, அவர்கள் என்ன பதில் எழுதினார்கள் என்று நாங்கள் கேட்டோம். அனுப்பியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை என்றார் அதிகாரி. மறுவாரம் பள்ளிக் குழுக் கூட்டத்தில் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டோம். கட்டடப் பிரிவுத் தலைவர் குறித்துக்கொண்டார். அடுத்த டூ-பை-டூ நிகழ்ச்சி நிரலில் அது மூன்றாவது பொருளாக வந்திருக்கிறது.